ஆறு மணி நெல்

நிச்சயதார்த்தத்தன்று மணப்பெண் வயலுக்குப் போகக் கூடாது என்று காரங்காட்டில் யாரும் சட்டம் போட்டதில்லை. அப்படி ஒரு சட்டம் வேண்டியிருக்கும் என்று அந்தக் கடற்கரை ஊரில் யாருக்கும் தோன்றியிருக்காது. ஜோஸ்லின் அதைத்தான் பயன்படுத்திக்கொண்டாள். இருட்டோடு எழுந்து, சிவப்புப் பட்டுச்சேலை தேய்த்துத் தொங்கவிட்டிருந்த கதவைச் சத்தமில்லாமல் திறந்து, ஸ்கூட்டரைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டே போய் அங்கே வைத்துக் கிளப்பினாள்.

ஆனால் அவள் அம்மா லீமாரோஸுக்குக் காது கூர்மை. போன் அடித்தபோது ஸ்கூட்டர் மாதா கோயிலைக்கூடத் தாண்டியிருக்கவில்லை.

"எங்கடி போற?"

"உப்பூருக்கும்மா. கதிருக்கு உறை மாட்டிட்டு வந்துருவேன். ஏழு மணிக்கு வீட்ல இருப்பேன்."

"மாப்பிள்ளை வீட்டாளுக பதினோரு மணிக்கு வாராக. பாதர் வாராரு. தலை அலங்காரத்துக்கு ஆளு வருது."

"அதான் ஏழுக்கு வாரேங்கிறேன்ல."

லீமாரோஸ் போனை வைத்துவிட்டு, முற்றத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த கணவர் இன்னாசியைப் பார்த்தாள். "உங்க மக நெல்லுக்குச் சட்டை போட்டுவிடப் போயிருக்கா. அவ எப்பச் சேலை கட்டுவாளோ தெரியல" என்றாள்.

ஜோஸ்லினுக்கு இருபத்தொன்பது வயது. நண்டு வலைக்குப் போகும் வீட்டில் பிறந்து, நெல்லில் முனைவர் பட்டம் வாங்கியவள். அவள் ஆராய்ந்தது ஒரு நாட்டு நெல் ரகம். பார்வைக்கு அதில் விசேஷம் ஒன்றும் கிடையாது. ஆனால் அதன் மரபணுக்களுக்கு நடுவே ஒரு சின்னத் துண்டு உண்டு. அது இருந்த இடத்தில் இருக்காது. ஒரு தலைமுறையில் இங்கே இருக்கும், அடுத்த தலைமுறையில் எங்கேயோ தாவிப் போய் உட்கார்ந்திருக்கும். தாவும் மரபணு என்று அதற்குப் பெயர். அது போய் உட்காருகிற இடத்தில் ஏற்கெனவே ஒரு மரபணு தன் பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தால், அந்த வேலை நின்றுபோகும்.

ஜோஸ்லினுக்கு வேண்டியது அந்த நின்றுபோன வேலைதான். புது வீட்டுக்குக் குடிபோனவர்கள் ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எந்த விளக்கு அணைகிறது என்று பார்ப்பார்களே, அதே வேலை. துண்டு எங்கே உட்கார்ந்திருக்கிறது, செடியில் என்ன மாறியிருக்கிறது, இரண்டையும் பொருத்திப் பார்த்தால் அந்த மரபணு எதற்காக இருக்கிறது என்று தெரிந்துவிடும். சொல்ல எளிது. நெல்லில் மரபணுக்கள் ஆயிரக்கணக்கில் உண்டு, துண்டோ தன் இஷ்டத்துக்குத் தாவும். அதனால் அவள் ஒரு வரிசைக்கு ஒரு தாய்ச்செடியின் விதை என்று உப்பூரில் முருகேஸ்வரி என்ற பெண்ணின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, வயல் முழுக்க வரிசை வரிசையாக நட்டு வைத்திருந்தாள். வேண்டுமென்றே கோடைக்கு. சித்திரை வெயிலில் பூத்தால் மகரந்தம் கருகி, பாதிக்குமேல் பதராகப் போகும். அப்படிப் போகாத வரிசை ஒன்றாவது கிடைக்காதா என்பது அவள் ஆசை.

மூன்று வருஷமாகக் கிடைத்தது குட்டை நெல், வெளுத்த நெல், இலை சுருண்ட நெல். ஒரு வரிசை முளைக்கவே இல்லை. "அதுக்கு முளைக்கிற வேலை நின்னுபோச்சு போல" என்று முருகேஸ்வரி சமாதானம் சொன்னாள்.

இந்த வருஷம் பூக்கிற வாரமும் நிச்சயதார்த்தமும் ஒன்றாக வந்து நின்றன. மாப்பிள்ளை வீட்டார் தங்கச்சிமடத்துக்காரர்கள். ஈஸ்டர் முடிந்து, விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் தொடங்கி, சொந்தபந்தமெல்லாம் கரையில் இருக்கிற நாளாகப் பார்த்துத் தேதி குறித்திருந்தார்கள். நெல்லைக் கேட்டுக் குறிக்கவில்லை.

உப்பூர் வயலில் அவள் போய் இறங்கும்போது கிழக்கே வெளுத்துச் சூரியன் தலைகாட்டத் தொடங்கியிருந்தது. தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் உறைக்கட்டுடன் வரப்பில் இறங்கினாள். நெல் காலை பத்து மணி வாக்கில் பூக்கும். ஒவ்வொரு நெல்மணியிலும் உமி இரண்டாகப் பிரிந்து, மகரந்தப் பைகள் வெளியே தொங்கி, ஒரு மணி நேரத்தில் மறுபடி மூடிக்கொள்ளும். அதற்கு முன்னால் காகித உறையை மாட்டிவிட்டால் பக்கத்துச் செடியின் மகரந்தம் கலக்காது. சாதாரண நாளில் அவள் ஒன்பது மணிக்கு மேல்தான் வருவாள். இன்றைக்குத்தான் இந்த அவசரம்.

நடு வயலைத் தாண்டியதும் ஒரு வரிசையின் முன்னால் நின்றுவிட்டாள்.

அந்த வரிசையில் அங்கங்கே சில செடிகளின் தூர்களில் மட்டும் பூத்திருந்தது. நேற்றுப் பூத்து மூடிய பூ இல்லை. நேற்றைய பூவில் மகரந்தப் பை வாடிப்போய் உமிக்கு வெளியே ஒட்டிக்கொண்டிருக்கும், உமி மூடியிருக்கும். இது திறந்திருந்தது. ஜோஸ்லின் குனிந்தாள். தலைக்கவசம் கதிரில் இடித்து, மஞ்சளாகப் புழுதி போல மகரந்தம் எழுந்தது. சூரியன் முழுசாக மேலே வரவில்லை. பனி ஈரம் இலையில் அப்படியே இருந்தது. நெல் பூத்துக்கொண்டிருந்தது.

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். போனை எடுத்து அதிலும் மணி பார்த்தாள். பிறகு சேறு என்றும் பாராமல் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

மதுரையில் ஆய்வுக்கூடத்தில் அவளோடு வேலை பார்க்கிற ஸுஹைர், அவள் கூப்பிட்டபோது விடிகாலைப் பஜ்ர் தொழுகை முடித்து மறுபடி படுத்திருந்தான். தாவும் துண்டு எந்தச் செடியில் எங்கெங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கிறவன் அவன்தான்.

"ஸுஹைர், ஒரு வரிசை பூத்திருக்கு."

"மாஷா அல்லாஹ். உனக்கு இன்னைக்கு நிச்சயதார்த்தம், தெரியும்ல?"

"இப்பப் பூத்திருக்கு. இப்ப. மணி ஆறு தாண்டி அஞ்சு நிமிஷம்."

அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிடும் சத்தம் கேட்டது. எழுந்து உட்கார்ந்துவிட்டான் என்று புரிந்தது.

"வேற விதை கலந்திருக்கும்."

"வரிசைல எல்லாம் பூக்கல. நான் எண்ணிட்டேன். நாலுல ஒண்ணு. நாலுல ஒண்ணு, ஸுஹைர்."

இரண்டு பேருக்குமே அந்தக் கணக்கு தெரியும். கலப்பட விதை என்றால் இப்படிக் கணக்குப் பார்த்து வராது. தாய்ச்செடியில் ஒரே ஒரு மரபணு உடைந்து, அதன் பிள்ளைகளுக்குப் பங்கு போனால்தான் நாலில் ஒன்று வரும். எப்போது பூக்க வேண்டும் என்று நெல்லுக்கு மணி சொல்கிற ஏதோ ஒன்றின்மேல் அந்தத் துண்டு போய் உட்கார்ந்திருக்கிறது. வெயில் ஏறுமுன்னே இந்தச் செடிகள் பூத்து முடித்துக் கதவைச் சாத்திவிடும். எப்பேர்ப்பட்ட சித்திரையும் இதை ஒன்றும் செய்ய முடியாது.

"சரி" என்றான் ஸுஹைர். குரலை நிதானமாக வைத்துக்கொள்ள அவன் படாதபாடு படுவது கேட்டது. "ஆனா இந்த வரிசைல துண்டு ஒரு இடத்துல இல்ல, ஏகப்பட்ட இடத்துல உக்காந்திருக்கும். எது காரணம்னு எப்படிக் கண்டுபிடிப்ப?"

பதில் சொல்ல வாயெடுத்தவள் அப்போதுதான் அதைப் பார்த்தாள். பூத்திருந்த தூர்களில் ஒன்று. அதில் எல்லாக் கதிர்களும் திறந்து தொங்கிக்கொண்டிருந்தன, ஒன்றைத் தவிர. ஓரத்தில் நின்ற அந்த ஒற்றைக் கதிர், மற்றக் கதிர்களின் வயசுதான், மேல்மணிகளெல்லாம் முந்தின நாட்களில் பூத்து முடித்திருந்தன. அடியில் கொஞ்சம் மணிகள் மட்டும் மிச்சம். அவை இறுக மூடியிருந்தன.

ஜோஸ்லின் அந்தக் கதிரை விரலால் நிமிர்த்திப் பார்த்தாள்.

"ஸுஹைர். ஒரே தூர். ஒரு கதிர் மட்டும் திறக்கல. இது பத்து மணிக்குத் திறந்துச்சுன்னா?"

ஸுஹைருக்கு அது உடனே புரிந்தது. இந்தக் கதிரைத் தாங்குகிற சிம்பு, தூரிலிருந்து பிரிகிற கிளை, முளைக்கும்போது துண்டு அந்த இடத்தை விட்டுக் கிளம்பிப் போயிருக்கலாம். போனால், உடைந்த மரபணு சரியாகி, அந்த ஒரு சிம்பு மட்டும் பழையபடி பத்து மணி நெல்லாகிவிடும். ஒரே செடி, இரண்டு நேரம். அப்படியானால் ஆறு மணிக் கதிரின் இலையையும் பத்து மணிக் கதிரின் இலையையும் தனித்தனியாகப் பார்த்தால் போதும். மற்ற எல்லா இடத்திலும் துண்டு இரண்டு இலையிலும் இருக்கும். ஒரே ஓர் இடத்தில், பத்து மணி இலையில் மட்டும், காலியாக இருக்கும். அந்த இடம்தான் தேடின மரபணு.

"நாளைக்குக் காலைல போய்ப் பாரேன்" என்றான் ஸுஹைர், மனசே இல்லாமல்.

"பூக்காத நெல்மணி மிச்சமே கொஞ்சம்தான் இருக்கு. இன்னைக்கோட முடிஞ்சுரும். நான் வீட்டுக்குப் போகல."

"அல்லாவே. உன் அம்மா என்னைத்தான் திட்டுவாங்க."

ஏழு மணிக்கு லீமாரோஸ் கூப்பிட்டாள். ஏழரைக்குக் கூப்பிட்டாள். எட்டு மணிக்குள் ஆறு மணிப் பூக்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. அந்த ஒற்றைக் கதிர் அசையவில்லை. மோட்டார் போட வந்த முருகேஸ்வரி, மணப்பெண் நைந்துபோன சுடிதாரும் தலைக்கவசமுமாக வரப்பில் குத்துக்கால் போட்டுத் தனக்குள் சிரித்துக்கொண்டிருப்பதைக் கண்டு பதறிப்போனாள்.

"என்ன தாயி, மாப்பிள்ளை வேணாம்னுட்டாரா?"

"அவரு என்னத்தச் சொல்றது. இங்கன பாருங்கக்கா, இந்தக் கதிரு."

முருகேஸ்வரி பார்த்தாள். "கதிருதான்" என்றாள். ஜோஸ்லின் விஷயத்தைச் சொன்னதும் மோட்டாரை மறந்து அவளும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

மாப்பிள்ளை சகாயவினோத் இராமநாதபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை அறையில் நர்ஸ். ஒரு மாதமாக இருவரும் போனில் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள், ஆனால் இன்னும் 'நீங்க' போகவில்லை. ஜோஸ்லின் அவனை அழைத்தபோது தங்கச்சிமடத்து வேன் தேவிபட்டினத்தைத் தாண்டி வந்துகொண்டிருந்தது.

"நீங்க உப்பூர் வழியாத்தான வாரீங்க?"

"ஆமா. ஏன், குரல் ஒரு மாதிரி இருக்கு? அழுகுறீங்களா?"

"இல்ல, சிரிக்கிறேன். நிறுத்த முடியல."

வினோத் கொஞ்சம் யோசித்தான். "தலைல எங்கயும் அடிபட்டுச்சா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"நல்லாத்தான் இருக்கேன். வயல்ல இருக்கேன். என்னால வர முடியாது. நீங்க வாரீங்களா? ஒரு கதிர் பத்து மணிக்குப் பூக்குமான்னு பாக்கணும். பூத்துச்சுன்னா..." அதற்குமேல் சொல்ல வராமல் மறுபடி சிரித்தாள்.

வேனில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வினோத் அதை நிறுத்தச் சொல்லிவிட்டு, "அம்மா, பொண்ணு வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி பொண்ணப் பாத்துட்டுப் போயிருவோம்" என்றான்.

இப்படித்தான் ஒன்பது மணி தாண்டியதும் உப்பூர் வயலோரம் ஒரு வேன் வந்து நின்று, பட்டுச்சேலைகள் வரிசையாக இறங்கின. முன்னால் வினோத், வெள்ளைச் சட்டையும் பளபளக்கும் ஷூவுமாக. பின்னால் அவன் அம்மா செபஸ்தியம்மாள், சித்தி, இரண்டு அத்தைமார், குடை, பழத்தட்டு. தட்டை ஏன் வயலுக்குள் கொண்டுவந்தார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. முருகேஸ்வரி ஓடிப்போய்த் மோட்டார் தொட்டியின் விளிம்பைத் துடைத்து உட்கார வைத்து, கையோடு நுங்கு வெட்டிக் கொடுத்தாள்.

செபஸ்தியம்மாள் நுங்கைக் கையில் வைத்துக்கொண்டு வருங்கால மருமகளைக் கால் முதல் தலை வரை பார்த்தாள். கால் முழங்கால் வரை சேறு. தலையில் இப்போதும் கவசம்.

"அதக் கழட்டலாம்ல?" என்றாள்.

ஜோஸ்லின் அப்போதுதான் கழற்றினாள். கழற்றிக்கொண்டே ஃபியூஸ், விளக்கு, துண்டு, தாவுதல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். சித்திக்குப் பாதி புரியவில்லை. அத்தைமாரில் ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள். செபஸ்தியம்மாள் மட்டும் கவனமாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டாள்.

"விடியக்காலம் பூத்தா யாருக்கு என்ன லாபம்?"

"வெயிலுக்கு முன்னாடி கரு பிடிச்சிரும் அத்த. பதராகாது. முருகேஸ்வரியக்கா போன கோடைல நட்டதுல பாதிதான் வீடு போய்ச் சேந்துச்சு."

"பாதிகூட இல்ல" என்றாள் முருகேஸ்வரி.

செபஸ்தியம்மாள் எழுந்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வரப்பில் இறங்கினாள். "எந்தக் கதிரு?" என்றாள்.

அதே நேரத்தில் மறுபக்கம் ஒரு மொபட் வந்து நின்றது. மகளைக் கையோடு கூட்டி வரச் சொல்லி லீமாரோஸ் அனுப்பியிருந்த இன்னாசி அதில் இருந்தார். புது வேட்டியில் இருந்தார். பின்னால் நண்டு கொண்டுபோகும் ஐஸ்பெட்டி கட்டியிருந்தது; விருந்துக்கு ஐஸ் வாங்கி வரவும் அவரைத்தான் அனுப்பியிருந்தாள். மாப்பிள்ளை வீட்டு ஜனம் முழுக்க ஒரு நெல் தூரைச் சுற்றிக் குனிந்து நிற்பதைப் பார்த்து அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் மரியாதை தெரிந்த மனிதர்.

"வாங்க சம்மந்தி, வாங்க" என்று கை கூப்பினார். "வீடு இன்னும் கொஞ்சம் தூரத்துல இருக்கு."

"இருக்கட்டும். பொறுங்க" என்றாள் செபஸ்தியம்மாள், நிமிராமலேயே. "பூக்குதான்னு பாத்துட்டு வாரோம்."

"ஏலே தம்பி, என்ன பூக்குது?" என்று இன்னாசி வேன் டிரைவரிடம் கேட்டார். அவனும் உதட்டைப் பிதுக்கினான்.

பத்து மணியானதும் வயல் திறக்கத் தொடங்கியது. முதலில் ஓரத்து வரிசை, பிறகு நடுவில், பிறகு எல்லாப் பக்கமும். பார்க்கிற கண்ணுக்கு நேராக உமிகள் பிரிந்து வெளிர்மஞ்சளாகப் பைகள் இறங்கின. முப்பது வருஷம் நெல் போட்ட முருகேஸ்வரிகூட இத்தனை கிட்டத்தில் குனிந்து பார்த்ததில்லை என்றாள். வெயில் சுள்ளென்று ஏறியது. சித்தி குடையைக் கதிருக்குப் பிடித்தாள். வெயில் படட்டும், எடுங்கள் என்று ஜோஸ்லின் கெஞ்சினாள்.

அந்த ஒற்றைக் கதிர் மட்டும் திறக்கவில்லை.

பத்து மணி தாண்டிக் கால் மணி நேரம் போனது. ஜோஸ்லினின் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஒருவேளை அந்தக் கதிரில் பூச்சி விழுந்திருக்கலாம். ஒருவேளை அது சும்மா நோஞ்சான் கதிராக இருக்கலாம். இத்தனை பேரை வெயிலில் நிற்க வைத்து, பாதரைக் காத்திருக்க வைத்து, அம்மாவைப் படபடக்க வைத்து, கடைசியில் ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டால்? இன்னாசியின் போனில் லீமாரோஸின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. அவரும் "இந்தா கிளம்பிட்டோம், இந்தா கிளம்பிட்டோம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

வினோத் ஷூவைக் கழற்றிவிட்டு, பேன்ட்டை மடித்து, சேற்றில் முழங்காலிட்டிருந்தான். மணிக்கணக்காக ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது அவன் தினமும் செய்கிற வேலைதான். மூச்சுகூடப் படாமல் கதிருக்குக் கிட்டத்தில் முகத்தை வைத்திருந்தான்.

"ஜோஸ்லின்" என்றான் தணிந்த குரலில். "பிரியுது."

அடியிலிருந்து மூன்றாவது மணி. ஒரு நூல் அளவுக்கு இடைவெளி. பிறகு அது அகன்றது. உள்ளேயிருந்து பைகள் தயங்கித் தயங்கி வெளியே வந்து, காற்றில் ஆடி, கீழே தொங்கின. அதற்குப் பக்கத்து மணியும் திறந்தது. ஒரே தூரில், காலையில் பூத்து மூடிய கதிர்களுக்கு நடுவே, அந்த ஒன்று மட்டும் இப்போது தன் வேளைக்குப் பூத்தது.

ஜோஸ்லின் கைக்குக் கிடைத்ததை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அது வினோத்தின் கை. நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் அப்படிப் பிடிக்கக் கூடாதுதான், அத்தைமார் இருவரும் ஒரே நேரத்தில் பக்கத்து வரிசையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். செபஸ்தியம்மாள் மட்டும் நேராகப் பார்த்து, "பூத்துருச்சு" என்று சந்தோஷமாகச் சொன்னாள். முருகேஸ்வரி குலவையிட்டாள். எதற்கென்று தெரியாமலே இன்னாசி கை தட்டினார்.

அதற்குப் பிறகு எல்லாம் தடபுடலாக நடந்தது. இலையை வெட்டிக் குளிரில் வைக்க வேண்டும். ஜோஸ்லினின் அவசரத்தில் இடுக்கி இரண்டு தடவை கீழே விழுந்தது. வினோத் அதை வாங்கினான். "எது எதுல போகணும்னு மட்டும் சொல்லுங்க" என்றான். அவள் சொல்லச் சொல்ல, ஆறு மணிக் கதிரின் இலை ஒரு குப்பியில், பத்து மணிக் கதிரின் இலை இன்னொரு குப்பியில். ஒவ்வொன்றையும் மூடுமுன் மேலே எழுதியிருந்ததைச் சத்தமாகப் படித்துக் காட்டி, அவள் ஆமாம் என்று சொன்ன பிறகே மூடினான். அப்படிப் படிக்காமல் அவன் வேலை செய்கிற அறையில் எதுவும் நகராது.

"ஐஸ் வேணுமே" என்றாள் ஜோஸ்லின், சுற்றிலும் பார்த்து.

"ஐஸ் இருக்கு" என்றார் இன்னாசி. விருந்துக்கு வாங்கிய ஐஸை அள்ளிக் குப்பிகள் மேல் கொட்டினார். நண்டு வாடை அடித்தது. நெல்லுக்கு அது ஆகாதா என்று கேட்டார். ஆகும் அய்யா, ஆகும் என்று அவள் அவர் தோளில் சாய்ந்து சிரித்தாள்.

காரங்காட்டில் அவர்கள் போய் இறங்கும்போது மணி பன்னிரண்டாகியிருந்தது. லீமாரோஸ் வாசலில் நின்ற கோலத்தைப் பார்த்து வேன் டிரைவர்கூட வண்டியைக் கொஞ்சம் தள்ளியே நிறுத்தினான். ஆனால் முதலில் இறங்கியது செபஸ்தியம்மாள். அவள் சேலைக் கரையிலும் சேறு. "சம்மந்தி, மருமகளத் திட்டாதீக. நாங்கதான் பாத்துட்டுப் போவோம்னோம்" என்று லீமாரோஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். அதன் பிறகு லீமாரோஸால் யாரைத் திட்ட முடியும்? பாதரைத்தான் பார்த்தாள். அவர் ஏற்கெனவே ஒரு தட்டு கேசரி முடித்து நல்ல மனநிலையில் இருந்தார்.

பட்டுச்சேலைக்குக் கீழே கணுக்காலில் சேற்றுக்கோடு தெரிய, ஜோஸ்லின் மோதிரம் மாற்றிக்கொண்டாள். ஜெபத்தின்போது இரண்டு தடவை அவளுக்குச் சிரிப்பு முட்டியது. வினோத் அவளைப் பார்த்ததும் அவனுக்கும் முட்டியது. சம்மதமா என்று பாதர் கேட்ட கேள்விக்கு அவள் கொஞ்சம் அதிகமான சத்தத்தில் சம்மதம் சொல்லிவிட்டாள், பந்தலே திரும்பிப் பார்த்தது.

பந்தி நடந்துகொண்டிருக்கும்போது, வியர்த்து வழிய ஒரு ஆள் உள்ளே வந்தான். ஸுஹைர். மதுரையில் உட்கார்ந்திருக்க முடியாமல் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். வந்தவன் முதலில் பெண்ணையும் பார்க்கவில்லை, மாப்பிள்ளையையும் பார்க்கவில்லை.

"எங்க பெட்டி?" என்றான்.

லீமாரோஸ் அவனை உட்கார வைத்து இலை போட்டாள். அவன் ஐஸ்பெட்டியைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டே இறால் பிரியாணி சாப்பிட்டான். மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, பெட்டியோடு மதுரைக்குப் போனான்.

மே மாதக் கடைசியில், தடைக்காலம் முடியுமுன்னே கல்யாணமும் நடந்தது. அதற்குள் 'நீங்க' போய்விட்டது. ஸுஹைரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. முதல் தடவை செய்த சோதனை சரியாக வரவில்லை, மறுபடி செய்கிறேன் என்று ஒரு குறுஞ்செய்தி, அவ்வளவுதான். ஜோஸ்லின் கேட்கப் பயந்துகொண்டு கேட்காமலே இருந்தாள்.

கல்யாணம் முடிந்த வாரத்தில் வினோத்தின் ஆசைக்காக இருவரும் காரங்காட்டு அலையாத்திக் காட்டுக்குள் படகு சவாரி போனார்கள். பிறந்து வளர்ந்த ஊரில் டிக்கெட் எடுத்துப் படகு ஏறுவது ஜோஸ்லினுக்கு வெட்கமாக இருந்தது. படகுக்குத் துடுப்புப் போட்டவர் அவள் அப்பாவுக்குத் தெரிந்தவர்தான். நண்டு, நாரை, வேர் என்று எல்லாச் சுற்றுலாக்காரர்களுக்கும் சொல்வதை அவளுக்கும் விடாமல் சொல்லிக்கொண்டு வந்தார். வாய்க்கால் குறுகி, இரண்டு பக்கமும் கிளைகள் தலைக்குமேல் கூடிய இடத்தில் போன் அடித்தது.

"ஸுஹைர்" என்றாள் அவள், போனைப் பார்த்து. எடுக்கவில்லை. வினோத் கையை நீட்டி, ஒலிபெருக்கியில் போட்டான்.

"எங்க இருக்க?" என்றது ஸுஹைரின் குரல்.

"படகுல."

"உக்காந்துக்க. ஆறு மணி இலைல இருபத்தேழு இடத்துல துண்டு உக்காந்திருக்கு. பத்து மணி இலைலயும் அதே இருபத்தேழு இடத்தத் தேடினேன். ஒண்ணு ஒண்ணாப் பாத்துட்டு வந்தேன். இருக்கு, இருக்கு, இருக்கு. பத்தொம்பதாவது இடம் வந்துச்சு." நிறுத்தினான். அவன் மூச்சு வாங்குவது காட்டுக்குள் கேட்டது. "ஆறு மணி இலைல இருக்கு. பத்து மணி இலைல காலி. சுத்தமாக் காலி, ஜோஸ்லின். துண்டு போன தடமே இல்ல, நெல்லு பழையபடி எழுதி வச்ச மாதிரி இருக்கு. மூணு தடவை பாத்துட்டுத்தான் கூப்பிடுறேன். அந்த இடத்துல ஒரு மரபணு இருக்கு. நம்ம பட்டியல்ல வெறும் எண்தான் போட்டிருக்கு, என்ன வேலைன்னு யாரும் எழுதல."

ஜோஸ்லின் எழுந்து நின்றாள். படகு ஒரு பக்கம் சாய்ந்து தண்ணீர் உள்ளே வந்தது.

"உக்காரும்மா" என்றார் படகுக்காரர்.

"பூக்கிற வேலை" என்றாள் அவள், காட்டைப் பார்த்து. "எத்தன மணிக்குப் பூக்கணும்னு சொல்ற வேலை. அதான் அதோட வேலை."

"இன்னும் கலப்புப் பண்ணணும், அடுத்த பட்டத்துல நட்டுப் பாக்கணும், ரெண்டாவது ஒரு வரிசை கிடைச்சா..." ஸுஹைர் ஒரு விஞ்ஞானியாகப் பேசப் பார்த்தான். பாதியில் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. போனுக்குள் அவன் சிரிக்க, படகில் அவள் சிரிக்க, வினோத் அவள் இடுப்பைப் பிடித்து இழுத்து உட்கார வைக்க, படகுக்காரர் துடுப்பை மறந்து திரும்பிப் பார்க்க, படகு போய் வேர்களுக்கு நடுவே சேற்றில் ஏறி நின்றது.

வற்று நேரம். தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. படகுக்காரர் குத்துக்கழியை ஊன்றித் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. "அவ்வளவுதான்" என்றார். "கடல்தண்ணி ஏத்தம் வார வரைக்கும் இங்கனதான். ஏம்மா, எந்திரிக்காதன்னு சொன்னேன்ல."

"அண்ணே, எனக்கு ஒரு குறையும் இல்ல" என்றாள் ஜோஸ்லின். உண்மையிலேயே இல்லை. போனில் எப்போதுமில்லாத அளவுக்கு சிக்னல் இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னாள், லீமாரோஸ், "சாப்பாட்டுக்கு வந்துருவீகளா?" என்றாள். மாமியாரைக் கூப்பிட்டாள்; செபஸ்தியம்மாள் போனைக் கையால் மூடாமலே தெருவுக்குக் கேட்கும்படி, "நம்ம கதிரு பாஸாயிருச்சு" என்று யாரிடமோ சொன்னாள். பிறகு முருகேஸ்வரி.

முருகேஸ்வரிக்கு முழுசாகச் சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரமானது. அவள் ம், ம் என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

"அப்ப அந்த விதைய எனக்கு எப்பத் தருவ தாயி?"

"இன்னும் சில வருஷம் ஆகும்கா. நல்ல ரகத்தோட சேக்கணும்."

"ஆகட்டும். நான் எங்கயும் போகல" என்றாள் முருகேஸ்வரி. பிறகு, "ஆனா ஒண்ணு. அது பூக்கிற அன்னைக்கும் என்னைய விடியக்காலமே கூப்பிட்டுரு. உன் மாமியாரும் வரட்டும். நுங்கு இருக்கும்."

வினோத் சட்டையைக் கழற்றிப் படகில் நின்ற தண்ணீரை ஒற்றிப் பிழிந்துகொண்டிருந்தான். ஜோஸ்லின் அடுத்த எண்ணைத் தேடினாள்.